ஐ.நா. உடன்படிக்கையை வைத்து நம்ம ஊர்க் குழந்தைக்கு என்ன கேட்கலாம்?

ஐ.நா.வின் குழந்தை உரிமைகள் உடன்படிக்கை என்று பள்ளி விழா மேடைகளில் அடிக்கடி காதில் விழும். சரி, அதை வைத்துக்கொண்டு யாரிடம் போய்க் கேட்பது என்றால் பேசியவருக்கே பெரும்பாலும் தெரியாது.

முதலில் விஷயம் என்னவென்று பார்த்துவிடலாம். 1989 நவம்பர் 20 அன்று ஐ.நா. பொதுச் சபை ஏற்றுக்கொண்டது, மொத்தம் 54 பிரிவுகள். 18 வயது நிறையாத எல்லோரும் இதில் குழந்தைதான். பிறந்ததும் பதிவு, பெயர், படிப்பு, வைத்தியம், விளையாட நேரம், சுரண்டலிலிருந்து பாதுகாப்பு, தன்னைப் பற்றி எடுக்கிற முடிவில் தன் கருத்தைச் சொல்வது வரை எல்லாம் உண்டு. இலங்கை 1991-இல் சேர்ந்தது. அமெரிக்கா 1995-இல் கையெழுத்துப் போட்டதோடு சரி, இன்னும் உறுதி செய்யவில்லை. மற்ற நாடுகளுக்குப் பாடம் எடுப்பதில் மட்டும் குறைச்சல் இல்லை!

இந்தியா சேர்ந்தது 1992 டிசம்பர் 11 அன்று, ஆனால் கூடவே ஓர் அறிவிப்பையும் கொடுத்தது. குழந்தைத் தொழிலாளர் பற்றிய 32-ஆம் பிரிவுக்குத்தான் அது. எல்லாத் தொழிலிலும் குறைந்தபட்ச வயதை உடனே நிர்ணயிப்பது நடைமுறையில் முடியாது, படிப்படியாகச் செய்கிறோம் என்பது அதன் சாரம். இந்தப் 'படிப்படியாக' எவ்வளவு நீளம் என்றால், குறைந்தபட்ச வயது பற்றிய ஐ.எல்.ஓ.வின் (சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு) 138-ஆம் உடன்படிக்கையையும், மோசமான குழந்தை உழைப்பைத் தடுக்கும் 182-ஆம் உடன்படிக்கையையும் இந்தியா உறுதி செய்தது 2017 ஜூனில்தான்.

யார் கண்காணிப்பது? ஜெனீவாவில் 18 நிபுணர்கள் கொண்ட குழு இருக்கிறது. ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை அரசு அறிக்கை தர வேண்டும். தொண்டு நிறுவனங்களும் தனியாகத் தங்கள் அறிக்கையை அனுப்பலாம். 2014-இல் குழு இந்தியாவை விசாரித்தபோது பார்த்தது மூன்றாவது, நான்காவது அறிக்கைகளை ஒன்றாகச் சேர்த்துக் கட்டியதை. அந்த 32-ஆம் பிரிவு அறிவிப்பைத் திரும்பப் பெறுங்கள் என்றும் குழு சொன்னது. சொல்லத்தான் முடியும், அபராதம் போட முடியாது.

குழந்தையே நேரடியாக ஜெனீவாவுக்குப் புகார் அனுப்ப வழி செய்யும் கூடுதல் நெறிமுறை 2014 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. ஆனால் அதை ஏற்ற நாடுகளுக்கு எதிராக மட்டுமே புகார் எடுப்பார்கள், அதுவும் உள்நாட்டு வழிகளை எல்லாம் முயன்று பார்த்த பிறகு. இந்தியா அதில் சேரவில்லை.

அப்புறம் இது வெறும் காகிதம்தானா என்றால், இல்லை. இளஞ்சிறார் நீதிச் சட்டம், குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம் இரண்டின் முகவுரையிலும் இந்த உடன்படிக்கையின் பெயர் இருக்கிறது. சிவகாசி தீப்பெட்டித் தொழிற்சாலைகளில் குழந்தைகள் வேலை செய்த வழக்கில் 1996-இல் தீர்ப்புச் சொன்ன உச்ச நீதிமன்றமும் இதைச் சுட்டிக்காட்டித்தான், சட்டத்தை மீறி வைத்திருக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்ட வேண்டும் என்றது. ஆக, கேட்க வேண்டிய இடம் உள்ளூரில்தான் இருக்கிறது.

குழந்தைகள் உதவி எண் 1098-க்கு யார் வேண்டுமானாலும் கூப்பிடலாம், காசு கிடையாது, இரவு பகல் பார்க்க வேண்டாம். மீட்ட குழந்தையை, பயண நேரம் போக, 24 மணி நேரத்துக்குள் மாவட்டக் குழந்தைகள் நலக் குழு முன் கொண்டுபோக வேண்டும். அரசு அமைப்பு அசையவில்லை என்றால் மாநிலக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையத்துக்கு எழுதுங்கள். 14 வயதுக்குக் கீழே உள்ளவரை வேலைக்கு வைத்தால் 6 மாதம் முதல் 2 ஆண்டு வரை சிறை, அல்லது 20,000 முதல் 50,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

ஒரு ஓட்டை மட்டும் தெரிந்திருக்க வேண்டும். குழந்தைத் தொழிலாளர் சட்டத்தின் 2016 திருத்தத்தின்படி, ஆபத்தில்லாத குடும்பத் தொழிலில் குழந்தை உதவி செய்யலாம். குடும்பம் என்பதில் மாமா, சித்தப்பா, அத்தை, சித்தி எல்லோரும் அடக்கம். கேட்டால் 'அக்கா பையன்தான் சார்' என்று கடைக்காரர் கூசாமல் சொல்லிவிடுவார். ஆனால் பள்ளி நேரம் போக, அல்லது விடுமுறையில் மட்டும்தான் அந்த உதவி என்று அதே சட்டம் சொல்கிறது. அதனால் புகார் சொல்லும்போது பையன் அங்கே நின்ற கிழமையையும் நேரத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள்.