பாத்திரத்தை முதலில் எடை போடுங்கள்

100 கிராம் அரிசியில் சுமார் 350 கலோரி என்கிறது ஒரு பட்டியல். இன்னொன்று 130 என்கிறது. இரண்டும் சரிதான். முதலாவது வேகாத அரிசிக்கு, அடுத்தது சோற்றுக்கு. வேகும்போது அரிசி தன் எடையைவிட அதிகமாகத் தண்ணீரை இழுத்துக்கொள்கிறது. தண்ணீரில் கலோரி கிடையாது. எடை மட்டும்தான் ஏறுகிறது. சோற்றை நிறுத்துவிட்டு அரிசியின் எண்ணால் பெருக்கினால் விடை ஏறக்குறைய மூன்று மடங்காகிவிடும்.

இந்தக் குழப்பத்தைத் தவிர்க்கச் சுலபமான வழி, அடுப்பில் ஏற்றுவதற்கு முன்பே எல்லாவற்றையும் நிறுத்துக்கொள்வது. 200 கிராம் பருப்பு 700 கலோரி, 30 கிராம் எண்ணெய் 270, 100 கிராம் வெங்காயம் 40. மொத்தம் 1,010. சமைத்து முடித்ததும் பாத்திரத்தோடு நிறுத்து, காலிப் பாத்திரத்தின் எடையைக் கழியுங்கள். 1,000 கிராம் வந்தால் கிராமுக்கு ஒரு கலோரி. தட்டில் 150 கிராம் போட்டுக்கொண்டால் 150 கலோரி. தண்ணீர் ஊற்றி 1,250 கிராமாக்கினால் கிராமுக்கு 0.8 ஆகிவிடும். மொத்தக் கலோரி மாறவே மாறாது. காலிப் பாத்திரத்தை முன்கூட்டியே நிறுத்து வைக்க மறந்தால்தான் சிக்கல்.

சரி, பெரிய தவறு எங்கே நடக்கிறது? என் கணிப்பில் எண்ணெயில்தான். வெங்காயத்தில் 50 கிராம் பிசகினால் 20 கலோரிதான் தவறும். எண்ணெயில் 15 மில்லி பிசகினாலே 120 கலோரி கூடிவிடும். அதுவும் கண்ணளவில் ஊற்றும்போது எவ்வளவு விழுந்தது என்றே தெரியாது. எண்ணெய் பாட்டிலையே தராசில் வைத்து, ஊற்றுவதற்கு முன்னும் பின்னும் எடை பார்த்துவிடுங்கள். பொரிக்கும்போதும் இதே வழிதான்: எண்ணெய் நன்றாக ஆறியபின் நிறுத்தால், குறைந்ததில் பெரும்பகுதி பண்டத்துக்குள் போனது.

பட்டியல்களில் உள்ள எண்களுக்குப் பின்னால் அமெரிக்க வேதியியலாளர் வில்பர் அட்வாட்டரின் உழைப்பு இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அவர் உணவை மூடிய கலத்தில் எரித்து, வெளிவரும் வெப்பத்தை அளந்தார். மலத்திலும் சிறுநீரிலும் வீணாகும் ஆற்றலை அதிலிருந்து கழித்தார். புரதத்தை எரித்தால் கிராமுக்கு சுமார் 5.6 கலோரி கிடைக்கும். உடலோ அதை முழுவதும் எரிப்பதில்லை. நைட்ரஜன் யூரியாவாகச் சிறுநீரில் போய்விடுவதால் 4 கலோரிதான் நமக்கு மிஞ்சுகிறது. மாவுச்சத்துக்கும் 4, கொழுப்புக்கு 9.

இவை சராசரி எண்கள்தான். 28 கிராம் முழுப் பாதாமுக்குக் கணக்குப்படி சுமார் 170 கலோரி வரவேண்டும். சாப்பிட்டவர்களிடம் அளந்து பார்த்தபோது 129தான் உடலில் சேர்ந்திருந்தது. மெல்லும்போது உடையாத செல்களுக்குள்ளேயே கொழுப்பு தங்கி, செரிக்காமல் வெளியேறிவிடுகிறது. அதனால் மேலே வந்த 1,010ஐ 1,000 என்றே எழுதிக்கொள்ளலாம்.