இன்டர்ன்: உள்ளே இருப்பவரா, வேலை பழகுபவரா?

இன்டர்ன் என்ற சொல்லின் வேர் லத்தீனில் இருக்கிறது. இன்டர்னுஸ் என்றால் உள்ளே இருக்கிற, அவ்வளவுதான். பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்த இந்தச் சொல், 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்காவில், மருத்துவப் படிப்பை முடித்துவிட்டு ஆஸ்பத்திரியிலேயே தங்கி வேலை கற்றுக்கொள்ளும் இளம் மருத்துவருக்குப் பெயரானது. வெளியிலிருந்து வந்து நோயாளியைப் பார்த்துவிட்டுப் போகும் பெரிய மருத்துவர் வேறு, ராத்திரி பகல் உள்ளேயே கிடக்கும் இவர் வேறு. நம் ஊரில் எம்பிபிஎஸ் முடித்தவர்களை ஹவுஸ் சர்ஜன் என்கிறோமே, அந்த ஹவுஸுக்கும் இதே கதைதான். 20ஆம் நூற்றாண்டில் இன்டர்ன் ஆஸ்பத்திரியை விட்டு வெளியே வந்தது, அரசு அலுவலகம், பத்திரிகை, வக்கீல் ஆபீஸ், வங்கி என்று எல்லா இடத்திலும் நுழைந்தது. இன்றைக்குப் படிக்கும்போதே ஒரு நிறுவனத்தில் சில வாரம் வேலை பார்க்கிற யாரும் இன்டர்ன்தான். (போர்க்காலத்தில் ஆட்களை முகாமில் அடைத்து வைப்பதையும் இதே வேரிலிருந்து வந்த ஒரு வினையால்தான் ஆங்கிலத்தில் சொல்கிறார்கள்.)

இந்தச் சொல்லுக்குத் தமிழில் என்ன எழுதலாம் என்பதை முதலீட்டு வங்கியை வைத்துப் பார்ப்பது நல்லது, ஏனென்றால் உள்ளே கிடப்பவர் என்ற பழைய பொருள் இன்னும் உயிரோடு இருக்கிற இடங்களில் அதுவும் ஒன்று.

முதலில் முதலீட்டு வங்கி. முதல் என்பதற்குத் தொழிலில் போடும் பணம் என்ற பொருள் தமிழில் மிகப் பழையது. "ஆக்கம் கருதி முதலிழக்கும் செய்வினை ஊக்கார் அறிவுடையார்" என்பது குறள் 463. வரப்போகும் லாபத்தை நினைத்துக் கையிலுள்ள முதலையும் இழக்கும் வேலையில் அறிவுள்ளவர் இறங்கமாட்டார். இரண்டு கம்பெனிகளை இணைக்கும் பேச்சு நடக்கிற எந்த அறையிலும் எழுதி ஒட்டலாம். முதலை இடுவது முதலீடு. வங்கி என்பது பேங்க் என்பதன் தமிழ் வடிவம், அந்தப் பேங்க் இத்தாலியில் காசு மாற்றுகிறவர்கள் போட்டு உட்கார்ந்திருந்த பலகையிலிருந்து வந்தது.

ஆனால் வங்கி என்றதும் நமக்குப் பாஸ்புக்கும் டெபாசிட்டும்தான் ஞாபகம் வரும், "எந்த பிராஞ்ச்?" என்று வீட்டில் கேட்பார்கள். முதலீட்டு வங்கியின் வேலை வேறு. ஒரு கம்பெனிக்குப் பணம் வேண்டுமென்றால் பங்கு வெளியிட்டோ கடன்பத்திரம் வெளியிட்டோ திரட்டிக் கொடுப்பது, ஒரு கம்பெனி இன்னொன்றை வாங்கும்போது விலை சொல்லி, பேரம் பேசி, காரியத்தை முடித்து வைப்பது. அமெரிக்காவில் 1933இல் வந்த கிளாஸ்-ஸ்டீகல் சட்டம் டெபாசிட் வாங்கும் வங்கியையும் இந்த வேலையையும் பிரித்துப் போட்டது. அதனால்தான் ஜே.பி. மார்கன் வங்கியிலிருந்து 1935இல் மார்கன் ஸ்டான்லி என்ற முதலீட்டு வங்கி தனியாகப் பிறந்தது. அந்தச் சுவரை 1999இல் பெருமளவு எடுத்துவிட்டார்கள். இந்தியாவில் பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி 1992இல் கொண்டுவந்த விதிகளில் இந்த வேலைக்கு மெர்ச்சன்ட் பேங்க்கர் என்றுதான் பெயர். முதலீட்டு வங்கி என்ற தமிழ்ச்சொல் பத்திரிகைகளில் ஊன்றிவிட்டது, அதை மாற்ற வேண்டியதில்லை.

சரி, அங்கே போகிற மாணவர் என்னதான் செய்கிறார்? நான் மும்பை பாந்த்ரா-குர்லா வளாகத்தில் ஒரு கோடையில் இருந்தபோது முதலில் கையில் கிடைத்தது காம்ப்ஸ், அதாவது ஒத்த கம்பெனிகளை ஒப்பிட்டு மதிப்புப் பார்க்கும் கணக்கு. விலைபேச வேண்டிய கம்பெனியைப் போன்ற, பங்குச் சந்தையில் பட்டியலிட்ட கம்பெனிகளை எடுத்து, ஒவ்வொன்றின் சந்தை மதிப்போடு கடனைக் கூட்டி, கையிருப்புப் பணத்தைக் கழித்து, வருவதை வட்டி, வரி, தேய்மானம் போன்றவற்றைக் கழிப்பதற்கு முந்தைய லாபத்தால் வகுத்து மதிப்பு லாபத்தைப் போல எத்தனை மடங்கு என்று கண்டுபிடிக்க வேண்டும். கேட்க எளிது. நம் கம்பெனிகளுக்குக் கணக்கு ஆண்டு மார்ச் 31இல் முடியும், ஒப்பிடுகிற வெளிநாட்டுக் கம்பெனிக்கு டிசம்பர் 31. இரண்டையும் அப்படியே பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் அந்த ஒப்பீடே பொய். அதனால் 2023 காலண்டர் ஆண்டுக்கு, 2023 மார்ச்சில் முடிந்த ஆண்டிலிருந்து கால் பங்கும் 2024 மார்ச்சில் முடிந்த ஆண்டிலிருந்து முக்கால் பங்கும் எடுத்துக் கூட்டுவார்கள். இதை யாரும் வகுப்பெடுத்துச் சொல்லித் தருவதில்லை. பக்கத்து நாற்காலியில் இருக்கும் அனலிஸ்ட், அதாவது படிப்பு முடித்து வேலையில் சேர்ந்த இளநிலை ஊழியர், அச்செடுத்த தாளைச் சிவப்புப் பேனாவோடு எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு எண்ணுக்கும் ஆண்டறிக்கையில் எந்தப் பக்கம் என்று கேட்டு ஒரு டிக் போடுவார், பக்கம் சொல்ல முடியாத எண்ணைச் சுற்றி வட்டம் விழும். பங்கு விலை எந்தத் தேதியின் முடிவு விலை என்று அடிக்குறிப்பில் இல்லாவிட்டால் அந்தப் பக்கம் முழுவதும் திரும்பி வரும். பார்த்துப் பார்த்து, செய்து செய்து, கையில் படிந்துவிடுகிற வேலை இது.

மேலே இருப்பவர்களின் திருத்தம் சாயங்காலத்துக்கு மேல்தான் வரும், மறுநாள் காலை கூட்டத்தில் வாடிக்கையாளருக்குக் காட்டும் விளக்கப் புத்தகம் தயாராக வேண்டும், இடையில் இருப்பது ராத்திரி. அந்த ராத்திரி இன்டர்னுடையது. 2013 ஆகஸ்டில் லண்டனில் ஒரு பெரிய வங்கியில் கோடைப் பயிற்சியில் இருந்த 21 வயது ஜெர்மன் மாணவர் தங்கியிருந்த இடத்தில் இறந்து கிடந்தார். வலிப்பு நோயால் இறந்தார் என்பது விசாரணையின் முடிவு. சோர்வு அதைத் தூண்டியிருக்கலாம், ஆனால் உறுதியாகச் சொல்ல முடியாது என்றார்கள். விடிகாலையில் டாக்சியில் வீட்டுக்குப் போய், டாக்சி வெளியே நிற்க, குளித்து உடை மாற்றி அதே டாக்சியில் ஆபீஸுக்குத் திரும்பும் வழக்கம் அப்போதுதான் வெளியுலகத்துக்குத் தெரிந்தது. 2015இல் கோல்ட்மேன் சாக்ஸ் என்ற முதலீட்டு வங்கி, கோடை இன்டர்ன்கள் நள்ளிரவுக்கு மேல் ஆபீஸில் இருக்கக் கூடாது, காலை 7 மணிக்கு முன் வரக் கூடாது என்று விதி போட்டது. 12லிருந்து 7 வரை வெளியே இரு என்று சொல்வதே ஒரு சலுகையாக இருந்தது என்றால் மற்ற நேரமெல்லாம் எங்கே இருந்தார்கள் என்று யோசியுங்கள்.

இப்போது தமிழ்ச்சொல். இலங்கையில் உள்ளகப் பயிற்சி என்பது, குறிப்பாக மருத்துவத்தில், நன்றாகப் புழங்குகிறது, தமிழ்நாட்டிலும் அங்கங்கே எழுதுகிறார்கள். தவறில்லை, ஆனால் லத்தீன் வேரை அப்படியே பெயர்த்த சொல் அது. உள்ளே கிடப்பதைப் பெயரில் வைத்துக்கொண்டு ஏன் அதையே பிடித்துத் தொங்க வேண்டும்? நள்ளிரவு விதி வந்தது அந்த உள்ளே கிடப்பதை நிறுத்தத்தானே. பணியிடைப் பயிற்சி என்று சிலர் எழுதுவது வேறு விஷயம், அது ஏற்கெனவே வேலையில் இருக்கும் ஆசிரியர் போன்றவர்களுக்கு நடுவில் தரும் பயிற்சி. பயிற்சியாளர் என்றால் இன்னும் குழப்பம். பயில் என்பதிலிருந்து பயிற்சி வருவதால் கற்பவரையும் குறிக்கக்கூடிய சொல், ஆனால் விளையாட்டுச் செய்திகள் அதைக் கோச்சுக்குக் கொடுத்துவிட்டன, இனி திரும்ப வாங்க முடியாது.

எனக்குப் பிடித்தது பழகுநர். சைக்கிள் பழகுகிறான், தையல் பழகுகிறாள் என்று நாம் தினமும் சொல்கிறோம். வண்டி ஓட்டக் கற்பவருக்கு அரசு தருவதும் பழகுநர் உரிமம்தான். 1961ஆம் ஆண்டின் அப்ரன்டிஸ் சட்டத்தைத் தொழிற்பழகுநர் சட்டம் என்கிறோம், அப்ரன்டிஸுக்குத் தொழிற்பழகுநர் இருக்கட்டும், இன்டர்னைப் பணி பழகுநர் என்று பிரித்துக்கொள்ளலாம். இன்டர்ன்ஷிப்புக்குப் பணிப்பயிற்சி போதும், கோடையில் என்றால் கோடைப் பணிப்பயிற்சி. பழகு என்ற சொல்லில் இன்னொரு பொருளும் இருக்கிறது, மனிதர்களோடு பழகுவது. முதலீட்டு வங்கியில் கோடை முடியும்போது நிரந்தர வேலைக்கு அழைப்பு வருமா என்பதைக் குழுவில் இருப்பவர்கள் கூடிப் பேசித்தான் முடிவு செய்கிறார்கள். எக்செல் சரியாக இருந்ததா என்பதோடு, இந்த ஆளோடு இன்னும் இரண்டு வருடம் ராத்திரி உட்கார முடியுமா என்பதும் அங்கே கேள்வி. இரண்டு பழகுதலையும் ஒரே சொல் சொல்லிவிடுகிறது, ஆங்கிலத்தில் இன்டர்னுக்கு அந்த வசதி கிடையாது.

கடைசியாக ஸ்டைபென்ட், அதாவது இன்டர்னுக்குத் தரும் பணம். ரோமானியப் படைவீரனின் சம்பளத்துக்கு இருந்த பெயர் அது. தமிழில் உதவித்தொகை என்று போடுகிறார்கள், எனக்கு அது ஒப்பவில்லை. உதவித்தொகை படிப்பவருக்குக் கொடுக்கும் ஆதரவு. பெரிய முதலீட்டு வங்கிகள் நியூயார்க்கில் இன்டர்னுக்குக் கொடுப்பது முதலாண்டு அனலிஸ்டின் சம்பளத்தை வாரக் கணக்கில் பிரித்த தொகை, வேலைக்கான கூலி. குறள் 449இல் "முதலிலார்க்கு ஊதியம் இல்லை" என்று வருகிற ஊதியத்துக்கு லாபம் என்று பொருள், பிறகுதான் அது சம்பளத்துக்கு வந்து சேர்ந்தது. பயிற்சி ஊதியம் என்றே எழுதலாம்.