ஃபங்கிசைடு: பூசணக்கொல்லி

இலத்தீனில் 'ஃபங்கஸ்' என்றால் காளான். 'சைடு' என்ற பின்னொட்டு 'வெட்டு', 'கொல்' என்று பொருள்படும் இலத்தீன் வினையிலிருந்து வந்தது. தமிழில் பூஞ்சைக்கொல்லி, பூஞ்சாணக்கொல்லி, பூசணக்கொல்லி மூன்றும் புழங்குகின்றன. எதுவும் பிழையில்லை என்றாலும் பூசணக்கொல்லியே மேல். 'பூஞ்சை உடம்பு' என்றால் நோஞ்சான் உடம்பு. 'பூசணம் பூத்துவிட்டது' என்றால் யாருக்கும் ஐயம் எழாது. 'கொல்லி' ஆட்கொல்லியில் வரும் அதே கொல்லிதான்.

இந்தச் சொல்லில் ஒரு பொறி உண்டு. யாரைக் கொல்வதற்காகத் தெளிக்கிறோம் என்பதைத்தான் அது சொல்கிறது. யாரெல்லாம் சாவார்கள் என்று சொல்வதில்லை. அசாக்சிஸ்ட்ரோபின், பைராக்ளோஸ்ட்ரோபின் முதலியவை அடங்கிய ஸ்ட்ரோபிலூரின் என்ற பூசணக்கொல்லிக் குடும்பத்தைப் பாருங்கள். பைன் கூம்பில் முளைக்கும் ஸ்ட்ரோபிலூரஸ் என்ற காளான் சுரக்கும் பொருளே இதற்கு முன்மாதிரி, பெயரும் அதனுடையதே. உயிரணுவின் ஆற்றல்கூடமான இழைமணியில் (மைட்டோகாண்ட்ரியா) மூன்றாம் நொதித்தொகுதியை அடைத்து, பூசணம் ஆற்றல் பெறுவதை இது நிறுத்துகிறது. அதே தொகுதி தவளையிடமும் இருக்கிறது.

தலைப்பிரட்டைக்கு இடர் இன்னும் அதிகம். அதன் செவுளும் மெல்லிய தோலும் நீரில் கரைந்ததை நேரே உள்ளே விடும். போதாக்குறைக்கு அது வாழ்வது ஆழமற்ற நீரில். எக்டேருக்கு 100 கிராம் வீரியப்பொருள் (மருந்தில் கொல்லும் வேலையைச் செய்யும் பொருள்) தெளித்தால் ஒரு சதுர மீட்டருக்கு 10 மில்லிகிராம். அது முழுதும் 10 செ.மீ. ஆழக் குட்டையில் விழுந்தால் லிட்டருக்கு 100 மைக்ரோகிராம். ஒரு மீட்டர் ஆழக் குளத்தில் 10 மட்டுமே. பைராக்ளோஸ்ட்ரோபின் லிட்டருக்கு 6 மைக்ரோகிராம் அளவிலேயே வானவில் டிரவுட் மீன்களில் பாதியைக் கொன்றுவிடும். வயலோரக் குட்டை இந்த அளவுக்கு மேலா, கீழா என்பது இந்தக் கணக்கிலேயே தெரிகிறது.

'குளோரோதலோனில்' என்ற பூசணக்கொல்லி இன்னொரு வகை. அது உயிரணுவின் கந்தகப் புரதங்களையும் உயிரணுவைக் காக்கும் குளூட்டதயோன் என்ற பொருளையும் பற்றிக்கொள்ளும். நீர்நிலையில் எதிர்பார்க்கப்படும் அளவிலேயே பெரும்பாலான தலைப்பிரட்டைகளைக் கொன்றதாக 2011-இல் வெளியான ஆய்வு காட்டியது. குறைந்த அளவிலும் அழுத்த ஹார்மோன் கூடி, நோயெதிர்ப்பு அணுக்கள் மாறின. ஐரோப்பிய ஒன்றியம் 2019-இல் அதன் அனுமதியைப் புதுப்பிக்கவில்லை.

புட்டியில் வீரியப்பொருள் மட்டும் இல்லை என்பதும் மறக்கப்படுகிறது. 2013-இல் இளந்தவளைகள் மேல் நடந்த சோதனையில், பைராக்ளோஸ்ட்ரோபின் கொண்ட ஒரு கலவை பரிந்துரைத்த அளவிலேயே ஒரு மணி நேரத்தில் எல்லாவற்றையும் கொன்றது. கரைப்பான் குறைந்த மற்றொரு கலவையில் இறப்பும் குறைவு.

இதற்கு நேர்மாறான காட்சியும் உண்டு. தவளைகளை அழிக்கும் கைட்ரிட் பூசணத்துக்கு இட்ராகோனசோல் என்ற பூசணக்கொல்லிக் குளியலே சிகிச்சை. நோயுற்ற மயோர்க்கா தேரையின் தலைப்பிரட்டைகளை லிட்டருக்கு ஒன்றரை மில்லிகிராம் வரையிலான கரைசலில் நனைத்தபோது பூசணம் ஒழிந்தது; கூடவே அவற்றின் நிறமும் வெளுத்தது.