பாரங்கொடுத்தல்: 'சரண்ட'ருக்கு வன்னியின் சொல்

'உங்கள் கஷ்டத்தை ஆண்டவரிடம் சரண்டர் பண்ணுங்கள்' என்ற பேச்சு இலங்கையின் வடக்கே வன்னியில், கிளிநொச்சி, முல்லைத்தீவுச் செபக்கூட்டங்கள் வரைக்கும் வந்துவிட்டது. தமிழில் சொல்ல விரும்பும் போதகர் 'சரணடையுங்கள்' என்பார். துன்பகாலத்தில் தன்னைக் கடவுள் கையில் விட்டுவிடு என்பதுதான் கருத்து. கருத்தில் பிழையில்லை, சொல்தான் இந்த மண்ணில் குத்துகிறது.

முதலில் சொல்லின் ஊரைப் பார்ப்போம். வடமொழியில் ஒலியால் வேறுபட்ட இரண்டு சொற்கள் இருக்கின்றன. ஒன்றுக்குப் புகலிடம், காப்பு என்று பொருள். மற்றது கால், பாதம். தமிழ் எழுத்தில் இரண்டும் 'சரணம்' ஆகிவிட்டன. அதனால்தான் சரணாகதி என்றதும் காலில் விழுவது நம் கண்ணுக்கு முன் வருகிறது. உண்மையில் சரண, ஆகதி என்று பிரித்தால் 'புகலிடத்துக்கு வந்து சேர்தல்' மட்டுமே. பௌத்தர்களின் 'புத்தம் சரணம்' சொல்வதும் இந்தப் புகலைத்தான்.

ஆங்கிலத்துச் 'சரண்டர்' வேறு வீட்டுப் பிள்ளை. பழைய பிரெஞ்சில் 'கொடுத்துவிடு' என்ற பொருளில் பிறந்து, ஆயுதத்தைக் கீழே வைக்கும் போர்ச் சொல்லாக வளர்ந்தது. சரணுக்கும் சரண்டருக்கும் ஓசை ஒத்துப்போனது தற்செயல், உறவு ஒன்றுமில்லை. ஆனால் செய்தித் தமிழில் அதற்கு ஈடாகச் 'சரணடைதல்' என்று எழுதி எழுதி, புகலைக் குறித்த சொல்லின் தலையில் தோல்வியையும் ஏற்றிவிட்டோம்.

வன்னியில் அந்தச் சொல்லுக்கு ஓர் இடமும் ஒரு மாதமும் உண்டு: முல்லைத்தீவின் வட்டுவாகல், போர் முடிந்த 2009 மே. அங்கே இராணுவத்திடம் சரணடைந்தவர்களோடு கத்தோலிக்கக் குருவான பிரான்சிஸ் யோசப் அடிகளாரும் போனார். அவரும் திரும்பவில்லை, கூடப் போன பலரும் திரும்பவில்லை. 2017 பெப்ரவரி 20 முதல் கிளிநொச்சியில் தொடர்போராட்டம் நடத்தும், காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகளில், பிள்ளையைத் தம் கையாலேயே ஒப்படைத்த தாய்மாரும் இருக்கிறார்கள். அப்படிப்பட்ட ஒரு தாய் இருக்கும் சபையில் ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு 'சரணடையுங்கள்' என்றால் அவருக்கு என்ன கேட்கும்?

சரி, அப்படியானால் எங்கள் சனம் செபத்தில் என்ன சொல்கிறது? என் அம்மம்மா வாயில் சரணடைதல் வந்ததே இல்லை. 'ஆண்டவரே, உம்மட்டப் பாரங்குடுத்திட்டன், நீர்தான் பாத்துக்கொள்ளோணும்' என்பார். எழுத்தில் பாரங்கொடுத்தல். ஆசுப்பத்திரிக்குப் போகும்போது மாட்டைப் பக்கத்து வீட்டில் பாரங்கொடுப்போம். மாற்றலாகிப் போகிற உத்தியோகத்தர் புதிதாக வருபவரிடம் அலுவலகத்தைப் பாரங்கொடுப்பார். எதிர்ப்பக்கத்துக்கும் ஒரு சொல் உண்டு: பாரமெடுத்தல். கொடுப்பவர் எண்ணிக் கொடுப்பார், எடுப்பவர் எண்ணி எடுப்பார். எடுத்தவர்தான் பிறகு பதில் சொல்ல வேண்டும். கொடுத்தவர் எப்போது வந்து கேட்டாலும் அது மரியாதைக் குறைவல்ல.

2008 ஏப்ரலில் சண்டை மாதாவின் திருத்தலமான மடுவை நெருங்கியபோது குருக்கள் மாதாவின் சுரூபத்தைத் தேவன்பிட்டிக்குக் கொண்டுபோனார்கள். ஓகஸ்ட்டில் அது மடுவுக்குத் திரும்பியது. மாதாவையே ஒரு கரையோரக் கிராமத்திடம் பாரங்கொடுத்து, பிறகு திரும்பப் பாரமெடுத்த கதை அது.

வேதாகமத்தின் சொல்லும் இதற்குக் கிட்டவே நிற்கிறது. சிலுவையில் இயேசு, 'பிதாவே, உம்முடைய கைகளில் என் ஆவியை ஒப்புவிக்கிறேன்' என்கிறார் (லூக்கா 23:46). கத்தோலிக்க மொழிபெயர்ப்பில் 'ஒப்படைக்கிறேன்'. கிரேக்கத்தில் அங்கே இருப்பது 'பராத்தித்தேமி' என்ற வினை. பக்கத்தில் வைத்தல் என்பது நேர்ப்பொருள். நம்பிக்கையான ஒருவரிடம் பொருளைக் காக்கக் கொடுப்பதற்கும் அந்தச் சொல்லே வழங்கியது. 'நான் அவரிடத்தில் ஒப்புக்கொடுத்ததை அவர் காத்துக்கொள்ள வல்லவர்' என்று பவுல் சொல்லும்போது (2 தீமோத்தேயு 1:12) வருவது அதன் பெயர்ச்சொல், அதாவது வைப்புப் பொருள். தோற்றவன் ஆயுதம் போடும் படம் இதில் எங்கேயும் இல்லை. லூக்கா ஒப்புவித்ததை எழுதினார் என்றால், 'ஏன் என்னைக் கைவிட்டீர்' என்று அதே சிலுவையில் கேட்டதை மத்தேயுவும் மாற்குவும் எழுதினார்கள். 'கர்த்தர்மேல் உன் பாரத்தை வைத்துவிடு' (சங்கீதம் 55:22) என்ற வசனம் அம்மம்மாவுக்கு மனப்பாடம். அவருக்கு அது சாதாரண ஊர்ப்பேச்சு மாதிரித்தான் கேட்டிருக்கும்.

'பாரமும் வடமொழிதானே?' என்று யாராவது கேட்பார்கள். ஆம், வடமொழிதான். தூய தமிழ்தான் வேண்டுமென்றால் 'அடைக்கலம்' இருக்கிறது. புகலிடம் என்ற பொருளோடு, ஒருவரை நம்பிக் கொடுத்த பொருள் என்ற பொருளும் அதற்கு உண்டு. சிலப்பதிகாரத்தில் கவுந்தியடிகள் கண்ணகியை மாதரியிடம் அடைக்கலமாகக் கொடுக்கிறார். அந்த அடைக்கலத்தைக் காக்க முடியாமல் போனதை அறிந்த மாதரி தீயில் விழுந்து உயிர்விடுகிறாள். வாங்கியவரைக் கட்டுகிற சொல் அது. எழுதும்போது நான் அடைக்கலம் என்பேன். செபத்துக்கு அம்மம்மாவின் சொல்லே போதும்.

முகாமிலிருந்து ஊருக்குத் திரும்பிய பிறகும் அவர் இரவுச் செபத்தில் ஒரு கணக்குச் சொல்வார். ஓடும்போது ஆண்டவரிடம் பாரங்கொடுத்தவை: வீடு, இரண்டு மாடு, தைக்கிற மெசின், சின்ன மாமா. வீட்டுக்குக் கூரை போட்டதும் வீடு கணக்கிலிருந்து போனது. மாடும் மெசினும் போனால் போகட்டும் என்று அவராகவே விட்டுவிட்டார். கடைசி வரைக்கும் மிஞ்சியது ஒரே வரி: 'அவனையும் உம்மட்டத்தான் தந்தனான், மறந்துபோகாதையும்.'