தினசரி ஜெபம் ஏன் இரண்டு வாரத்தில் நின்றுபோகிறது?

உபவாசக் கூட்டம் முடிந்த கையோடு, “நாளையிலிருந்து காலை நான்கு மணிக்கு எழுந்து ஒரு மணி நேரம் ஜெபிப்பேன்” என்று பொருத்தனை பண்ணுகிறவர்கள் எல்லாச் சபைகளிலும் உண்டு. அநேகருக்கு அது இரண்டு வாரம்கூடத் தாண்டுவதில்லை. இதை விசுவாசக் குறைவு என்று சொல்லிவிடக் கூடாது. இரவு பதினொன்றரைக்குப் படுத்தவர் நான்கு மணிக்கு முழங்காற்படியிட்டால் அப்படியே தூங்கிப்போவார். இயேசு ஜெபித்துக்கொண்டிருந்த கெத்செமனே தோட்டத்தில் அவருடைய சீஷர்களும் தூங்கித்தான் போனார்கள்.

தானியேல் 6:10-ஐ நிதானமாக வாசித்துப் பாருங்கள். ராஜாவைத் தவிர வேறு யாரிடமும் விண்ணப்பம் பண்ணுகிறவர் சிங்கக் கெபியில் போடப்படுவார் என்ற கட்டளைப் பத்திரத்தில் கையெழுத்தாகிவிட்டது என்று அறிந்தபின்பும், தானியேல் “தான் முன் செய்துவந்தபடியே” ஜெபித்தார் என்கிறது. மேலறை, எருசலேமுக்கு நேரான பலகணி, தினம் மூன்று வேளை, முழங்கால்: எல்லாம் ஏற்கெனவே முடிவானவை. சிங்கக் கெபி எதிரே நின்ற நாளில் அவர் புதிதாக எதையும் தொடங்கவில்லை.

ஆகவே முதலில் இடமும் வேளையும். கடிகாரத்தை நம்புவதைவிட, தினமும் தவறாத ஒரு வேலையோடு ஜெபத்தைச் சேர்த்துவிடுங்கள்: பல் துலக்கியதும், காபிக்கு முன், அல்லது பிள்ளைகளைப் பள்ளி வேனில் ஏற்றிவிட்டு வந்ததும். ஷிப்ட் வேலைக்காரருக்கு மணி மாறும், “எழுந்தவுடன்” என்பது மாறாது. தனி அறை இல்லையென்றால் சுவரைப் பார்த்துப் போட்ட நாற்காலி போதும். செல்போன் வேறு அறையில் இருக்கட்டும். அதில் வேதம் வாசிக்கத் திறந்தவர் வாட்ஸ்அப்பில் போய் நிற்பார். அச்சிட்ட வேதாகமமே நல்லது.

முதல் மாதம் பத்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம். வேதாகமத்தின் ஜெபப் பாடல்களான சங்கீதங்களில் ஒன்றை வாய்விட்டு வாசியுங்கள். கண்ணை மூடியதும் வார்த்தை வராமல் திணறுவது இதனால் குறையும். நாளுக்கு ஒன்றென்றால் 150 சங்கீதங்களும் ஐந்து மாதத்தில் முடியும். 119-ஆம் சங்கீதம் மட்டும் 176 வசனம். அதை எட்டெட்டாக 22 நாளுக்குப் பிரித்துக்கொள்ளுங்கள். பிறகு நேற்று நடந்த ஒரு நன்மையைக் குறிப்பாகச் சொல்லி ஸ்தோத்திரம், மறைக்காத பாவ அறிக்கை, மூன்று பேருக்காக விண்ணப்பம், இயேசு கற்றுக்கொடுத்த பரமண்டல ஜெபம். மூன்றே பேர்! நாற்பது பெயரை ஒரே மூச்சில் வாசித்தால் அது வருகைப் பதிவேடு ஆகிவிடும். மீதிப் பெயர்களைக் கிழமைவாரியாகப் பிரித்து நோட்டில் எழுதி வையுங்கள்.

நடுவில் கேஸ் புக் பண்ணவேண்டியது ஞாபகம் வரும். அதே நோட்டின் ஓரத்தில் குறித்துவிட்டுத் தொடருங்கள். மகனுடைய பரீட்சைக் கவலை வந்தால் அதையே விண்ணப்பமாக்குங்கள்.

பழக்கத்தை உடைப்பது பெரும்பாலும் தவறிய நாளுக்குப் பின் வரும் குற்ற உணர்வுதான். “நேற்று ஜெபிக்கவில்லை, எந்த முகத்தோடு ஆண்டவரிடம் போவேன்” என்று ஒரு நாள் ஒரு வாரமாகிவிடும். 21 நாளில் பழக்கம் வந்துவிடும் என்ற பேச்சும் சேர்ந்து மனதைச் சோரவைக்கிறது. லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி ஆய்வாளர்கள் 2009-இல் வெளியிட்ட ஆய்வில், அன்றாடச் செயல் பழக்கமாகச் சராசரி 66 நாள் ஆனது. ஆளுக்கு ஆள் 18 முதல் 254 வரை வித்தியாசம். இடையில் ஒரு நாள் விட்டது பழக்கத்தைப் பெரிதாகப் பாதிக்கவில்லை. விட்டதை ஈடுகட்ட இரட்டிப்பாக ஜெபிக்காதீர்கள். மறுநாள் அதே நாற்காலி, அதே பத்து நிமிடம்.

துக்கத்தில் ஜெபமே வராத காலமும் உண்டு. அப்போது 88-ஆம் சங்கீதத்தை வாசியுங்கள். அது ஆறுதல் வார்த்தை ஒன்றுமில்லாமலே முடிகிறது, ஆனாலும் வேதத்தில் ஜெபமாகவே இருக்கிறது. தூக்கமும் பசியும் வாரக்கணக்கில் கெட்டிருந்தால் போதகரிடம் சொல்லுங்கள், மருத்துவரையும் பாருங்கள். அந்த நாட்களில் வீட்டில் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து உங்களுக்காகச் சங்கீதத்தைச் சத்தமாக வாசிக்கட்டும். நீங்கள் “ஆமென்” மட்டும் சொன்னால் போதும்.