டர்ன்டேபிளிஸ்ட்: தட்டு சுத்துறவரா, தட்டை வாசிக்கிறவரா?

போன வருஷம் நியூஜெர்சில அக்கா வீட்டுல ரெண்டு மாசம் இருந்தப்ப அவ பையன் ஒருநாள் ராத்திரி ஹிப் ஹாப் ஷோ ஒண்ணுக்கு இழுத்துட்டுப் போனான். ஒரே மேடைல அடுத்தடுத்து அஞ்சு செட்டு, டிக்கெட்டும் விலை கம்மி, சரின்னு போயிட்டேன். முதல் ரெண்டு பேரு ராப்பர்ங்க, பின்னாடி ஒருத்தர் லேப்டாப்ல பட்டனை அமுக்கிட்டு கையத் தூக்கித் தூக்கி ஆட்டிட்டு நிக்கறாரு, முன்னாடி பாடறவரு ஏற்கனவே ரெக்கார்ட் பண்ணின தன்னோட குரல் மேலயே பாதி வரிய மட்டும் கத்திட்டு மீதிய அதுக்கே விட்டுடறாரு. காசு குடுத்து வந்ததுக்கு வீட்லயே ஸ்பீக்கர்ல கேட்டிருக்கலாமேன்னு இருந்துச்சு.

மூணாவதா ஒருத்தர் தனியா வந்தாரு. மைக் இல்ல, பாட்டு இல்ல, ரெண்டு டர்ன்டேபிள் (ரெக்கார்டு வெச்சு சுத்தற மெஷின்), நடுவுல ரெண்டோட சத்தத்தையும் கலக்கற மிக்ஸர், அவ்வளவுதான். தலைக்கு மேல கேமரா வெச்சு அவரோட கைய மட்டும் பெரிய ஸ்க்ரீன்ல காட்டினாங்க. ரெக்கார்டோட நடு லேபிள்ல வெள்ளை டேப் ஒரு துண்டு ஒட்டியிருந்துச்சு, கடிகார முள்ளு மாதிரி. இடது கை தட்டை முன்னும் பின்னும் தள்ளுது, வலது கை மிக்ஸர்ல சத்தத்தைத் திறந்து மூடற ஃபேடர்ங்கற சின்னக் கட்டைய ஏதோ ஈ ஓட்டற மாதிரி தட்டிக்கிட்டே இருக்கு, ஆனா வர்ற சத்தத்தைக் கேட்டா ஒருத்தர் 'ஆ...'ன்னு இழுத்து அத துண்டு துண்டா நறுக்கி அடுக்கற மாதிரி இருக்கு. நம்ம ஊர்ல பாட்டு கத்துக்கறவங்க அகாரத்துல சாதகம் பண்ணுவாங்களே, கிட்டத்தட்ட அது. "சூப்பர் டிஜேடா"ன்னு சொன்னேன். அதுக்கு அவன், "மாமா, அவரு டிஜே இல்ல, டர்ன்டேபிளிஸ்ட்"ன்னான். ரெண்டுக்கும் என்னடா வித்தியாசம்னு கேட்டா பையனுக்கு தமிழ்லயும் சொல்லத் தெரியல, இங்கிலீஷ்லயும் சொல்லத் தெரியல. அப்புறம் நானே உக்காந்து தோண்டினதுதான் இது.

முதல்ல டிஜே. நம்ம ஊர்ல இந்த வார்த்தை இப்ப ஆளக் கூட குறிக்கறதில்ல, "ரிசப்ஷனுக்கு டிஜே வெச்சிருக்கோம்"னா பெரிய பெரிய பாக்ஸ், கலர் லைட்டு, குத்துப்பாட்டு, காது அடைச்சுப்போற பெருசுங்க, எல்லாம் சேந்ததுதான் டிஜே. மூலம் டிஸ்க் ஜாக்கி. 1930, 40கள்ல அமெரிக்க ரேடியோல ரெக்கார்டு போட்டு நடுநடுவுல பேசறவருக்கு வந்த பேரு, ஜாக்கின்னா ரேஸ்ல குதிர ஓட்டறவரு. அதாவது குதிர வேற யாருதோ, இவரு மேல ஏறி உக்காந்து ஓட்டறாரு. பாட்டும் அப்படித்தான், அடுத்தவங்களுது. வேலை என்னன்னா எத எப்பப் போடணும்னு தெரியறது. அதுவும் ஒரு தெறமதான், நான் குறைச்சு சொல்லல.

ஆனா 90கள் வந்தப்ப ரேடியோல பேசறவரும் டிஜே, கிளப்புல பாட்டு மாத்தறவரும் டிஜே, பத்து வருஷம் ரூமுக்குள்ள கதவச் சாத்திட்டு ஒரே ஒரு விரல் வித்தைய பழகினவனும் டிஜே. இந்தக் கடைசி ஆளுக்கு எரிச்சல் வராம இருக்குமா? 1995ல டிஜே பாபுன்னு ஒருத்தர் தன்னோட மிக்ஸ்டேப்ல 'பாபு தி டர்ன்டேபிளிஸ்ட்'னு போட்டுக்கிட்டாரு. (பேரைப் பாத்துட்டு ஆந்திரா பக்கம்னுதான் நானும் நினைச்சேன், இல்ல, கலிஃபோர்னியால வளந்த பிலிப்பினோ அமெரிக்கர், பீட் ஜங்கீஸ்ங்கற குழுவச் சேந்தவரு.) அங்கேருந்துதான் அந்த வார்த்தை பரவுச்சுன்னு பொதுவா சொல்வாங்க, அந்தக் கலைக்கு டர்ன்டேபிளிசம்னு பேரும் கூடவே வந்துடுச்சு.

இதுல சூட்சுமம் எல்லாம் அந்த வால்ல இருக்கு. பியானோ வாசிச்சா பியானிஸ்ட், கிட்டார் வாசிச்சா கிட்டாரிஸ்ட். டர்ன்டேபிள்ங்கறது பாட்டு போடற மெஷின், அதுக்குப் பின்னாடி அதே 'இஸ்ட்'ட ஒட்டினவுடனே மெஷின் வாத்தியமா மாறிடுது. பெரிய கட்டுரை எழுதி வாதாட வேண்டியத ஒரு விகுதி முடிச்சு வெச்சிருச்சு. இந்த ஒரு விஷயத்தப் பிடிச்சுக்கிட்டா தமிழ்ல என்ன சொல்லலாம்ங்கறதுக்கு பாதி விடை கிடைச்ச மாதிரி. டர்ன்டேபிளுங்கற முன்பாதிக்கு பெருசா ஒண்ணும் இல்ல, சுத்தற மேஜை, ரயில் இன்ஜின ஏத்தி திருப்பி விடற மேடைக்கும் அதே பேருதான்.

சரி, வாத்தியம்னு எப்ப ஆச்சு? ஜான் கேஜ் 1939லயே வேகம் மாத்தற டர்ன்டேபிள கச்சேரில ஒரு கருவியா வெச்சு இசை எழுதியிருக்காரு. ஆனா இப்ப மேடைல நிக்கறவங்களோட வம்சம் அது இல்ல, இவங்க நியூயார்க்ல பிராங்ஸ் பக்கத்து வம்சம். 1973 ஆகஸ்ட் 11, செட்ஜ்விக் அவென்யூ 1520ம் நம்பர் அபார்ட்மென்ட்ல சிண்டி கேம்பெல்ங்கற பொண்ணு ஸ்கூல் திறக்கறதுக்கு முன்னாடி ஒரு பார்ட்டி வெக்குது, பாட்டு போட்டது அது அண்ணன், ஜமைக்காலேருந்து வந்த கூல் ஹெர்க். ஃபங்க் ரெக்கார்டுல மத்தவங்கெல்லாம் நிறுத்தி டிரம்ஸ் மட்டும் ஓடற ஒரு துண்டு வரும்ல, பிரேக், நம்ம கச்சேரில தனி ஆவர்த்தனம் மாதிரின்னு வெச்சுக்கங்க, ஆனா சில செகண்டுதான். ஆடறவங்க அந்தத் துண்டுக்குத்தான் காத்துக்கிட்டு இருக்காங்கன்னு ஹெர்க் கவனிச்சாரு. அதே ரெக்கார்டு ரெண்டு காப்பி வாங்கி, ஒண்ணுல பிரேக் முடியற நேரம் இன்னொண்ணுல தொடங்க வெச்சு, திரும்ப முதல்ல, திரும்ப ரெண்டாவதுல, இப்படியே நிமிஷக்கணக்கா நீட்டினாரு.

ஹெர்க் பண்ணினது குத்துமதிப்பா. கணக்குக்குள்ள கொண்டுவந்தது கிராண்ட்மாஸ்டர் ஃப்ளாஷ். ரெக்கார்டு மேல பென்சில் கோடு போட்டு வெச்சுப்பாரு, கடிகாரம் பாக்கற மாதிரி எந்த இடத்துலேருந்து எத்தன சுத்து பின்னாடி இழுத்தா பிரேக்கோட ஆரம்பம் வரும்னு கண்ணால தெரியும். எல்பி ரெக்கார்டு நிமிஷத்துக்கு முப்பத்தி மூணே கால்... இல்ல, முப்பத்தி மூணும் மூணுல ஒரு பங்கும் சுத்து, அதாவது ஒரு சுத்துக்கு 1.8 செகண்டு. நான் ஸ்க்ரீன்ல பாத்த வெள்ளை டேப்பு அந்தப் பென்சில் கோட்டோட பேரப்புள்ள.

அடுத்ததுதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச கதை. 1975 வாக்குல தியோடர்னு ஒரு பையன், பின்னாடி கிராண்ட் விஸர்ட் தியோடர்னு பேரு வாங்கினவரு, வீட்ல ரெக்கார்ட சத்தமா போட்டுட்டு இருக்கான், அம்மா கதவத் தட்டி உள்ள வந்து சத்தத்தைக் குறைடான்னு திட்டறாங்க. திட்டு வாங்கறப்ப ரெக்கார்டு ஓடாம இருக்க கைய வெச்சுப் பிடிச்சிருக்கான், கை சும்மா இருக்காம முன்னும் பின்னும் லேசா ஆடியிருக்கு, அந்த 'விக்கி விக்கி' சத்தம் காதுல விழுந்துச்சு. அம்மா போனதும் அதையே திரும்பத் திரும்பப் பண்ணிப் பாத்திருக்கான். ஸ்க்ராட்ச் பொறந்தது அப்படித்தான்னு அவரே பல பேட்டில சொல்லியிருக்காரு. நம்ம வீட்ல "கீறல் விழுந்த ரெக்கார்டு மாதிரி சொன்னதையே சொல்லாத"ன்னு திட்டுவாங்க இல்ல? ஹெர்க் பண்ணினது வேணும்னே சொன்னதையே சொல்றது, தியோடர் பண்ணினது வேணும்னே கீறறது. நமக்கு வசவா இருந்த ரெண்டும் அங்க கலையா ஆயிடுச்சு.

மெஷினும் ஒத்துழைக்கணும். பழைய டர்ன்டேபிள்ல மோட்டாருக்கும் தட்டுக்கும் நடுவுல ரப்பர் பெல்ட் இருக்கும், கையால பிடிச்சு பிடிச்சு விட்டா வழுக்கும், தொய்ஞ்சு போகும். 1972ல வந்த டெக்னிக்ஸ் எஸ்எல்-1200ல மோட்டார் நேரா தட்டுக்கு அடிலயே இருக்கும், பிடிச்சாலும் அது பாட்டுக்கு திமிறிக்கிட்டு இருக்கும், விட்ட உடனே பழைய வேகத்துக்கு வந்துடும். ஜப்பான்காரங்க வீட்ல பாட்டு கேக்கறதுக்குன்னு செஞ்சது அது. தட்டுக்கும் ரெக்கார்டுக்கும் நடுவுல வழவழன்னு ஒரு ஃபெல்ட் துணி, அதனால மேல ரெக்கார்டு நின்னாலும் கீழ தட்டு சுத்திக்கிட்டே இருக்கும்.

90கள்ல இது தனிக் கலையாவே ஆயிடுச்சு. நியூயார்க்ல எக்ஸ்-எக்யூஷனர்ஸ், சான் ஃபிரான்சிஸ்கோ பக்கம் இன்விசிபில் ஸ்க்ராட்ச் பிக்கிள்ஸ், இவங்க பாடகர் யாரும் இல்லாம தாங்களே ஒரு பேண்டு மாதிரி, ஒருத்தர் டிரம்ஸ் பாகத்தை வாசிப்பாரு, ஒருத்தர் பேஸ், ஒருத்தர் மேல ஸ்க்ராட்ச். டிஎம்சின்னு உலகப் போட்டி ஒண்ணு இருக்கு, ஃபைனல்ல ஆறு நிமிஷம்தான், 1997ல ஏ-ட்ராக்னு மாண்ட்ரியல் பையன் 15 வயசுல அத ஜெயிச்சான். ஸ்க்ராட்ச் பிக்கிள்ஸ் குழுவச் சேந்த கியூபர்ட்டோட பேரு சொன்னாலே ஞாபகம் வர்றது கிராப் ஸ்க்ராட்ச், அதாவது நண்டு: கட்டைவிரல ஃபேடருக்கு ஒரு பக்கம் முட்டுக் குடுத்துட்டு மத்த விரலால வரிசையா சொடக்கு போடற மாதிரி ஃபேடரத் தட்டறது. ஒவ்வொரு விரலுக்கும் சத்தம் ஒருவாட்டி வெட்டுப்படும், ஒரே இழுப்பு மூணு நாலு துண்டாகும். ஸ்க்ரீன்ல பாத்தப்ப எனக்கு நண்டு தோணல, மிருதங்கத்தோட வலந்தலைதான் தோணுச்சு. அப்புறம் அந்த 'ஆ...' இருக்கே, அதுவும் 'ஃப்ரெஷ்'னு ஒரு சத்தமும் 1982ல வந்த 'சேஞ்ச் தி பீட்'ங்கற ரெக்கார்டோட கடைசில வர்ற ஒரு வரிலேருந்து எடுத்தது, உலகம் முழுக்க ஸ்க்ராட்ச் பழகறவங்க இன்னிக்கும் அந்த ஒரு வரியத்தான் தேய்ச்சுக்கிட்டு இருக்காங்க, நம்ம பசங்க சரளி வரிசை பாடற மாதிரி.

இப்ப தமிழுக்கு வருவோம். ராப்புக்கு சொல்லிசைன்னு நல்ல வார்த்தை இருக்கு, மலேசியத் தமிழ் ராப்பர்ங்க தாராளமா புழங்கறாங்க. டர்ன்டேபிளிஸ்ட்டுக்கு அப்படி ஒண்ணு நாக்குல ஒட்டினதா நான் கேட்டதில்ல. 'சுழல்மேசைக் கலைஞர்'னு மொழிபெயர்த்தா சர்க்கஸ்ல மேஜ மேல நின்னு சுத்தறவரு மாதிரி இருக்கு. 'இசைத்தட்டாளர்' அழகா இருக்கு, ஆனா இசைத்தட்டு வெச்சிருக்கிறவரு, விக்கறவரு, போடறவரு எல்லாருக்கும் பொருந்தும், அதாவது திரும்ப டிஜேகிட்டயே போய் நிக்கறோம். பாவாணர், கலைவாணர் வரிசைல 'தட்டுவாணர்'னு வெச்சா கம்பீரமா இருக்குமேன்னு ஒரு ராத்திரி தோணுச்சு, காலைல எழுந்து பெண்பால யோசிச்சேன், அப்படியே கிழிச்சுப் போட்டுட்டேன், தமிழ் தெரிஞ்சவங்களுக்கு ஏன்னு புரியும். ஸ்க்ராட்சுக்கு 'சுரண்டல்'னு போட்டாலும் இதே கதை, சுரண்டல் கலைஞர்னு போஸ்டர் அடிச்சா கொடி பிடிச்சுக்கிட்டு ஆளு வந்துடும். அதுக்கு 'தேய்ப்பு' போதும், கை பண்றதும் அதுதான்.

நம்ம பழக்கத்தப் பாத்தா வாத்தியத்தோட பேருதான் முக்கியம், பின்னாடி வித்வான், கலைஞர்னு எதையாவது சேத்துக்கறோம். தண்ணி பிடிக்கற மண்பானைய கடம்னு மடில வெச்சு வாசிச்சவங்க நாம, பீங்கான் கிண்ணத்துல தண்ணி ஊத்தி ஜலதரங்கம்னு வாசிச்சவங்க, அதனால வீட்டுச் சாமான் வாத்தியமாகறது நமக்குப் புதுசு இல்ல. பாட்டு போடற மெஷின மட்டும் ஏன் தள்ளி வெக்கணும்? என் கணக்குல கலைக்கு தட்டிசை, ஆளுக்கு தட்டிசைஞர். சொல்லிசைக்குப் பக்கத்துல வெச்சா ஜோடி சேருது. தட்டுன்னா சுத்தற தட்டும்தான், விரலால தட்டறதும்தான், இந்த ரெட்டை அர்த்தம் இங்கிலீஷ்ல அவங்களுக்குக் கிடைக்கல, ஃபேடரத் தட்டற வலது கையையும் சேத்து நம்ம சொல்லு பிடிச்சிருச்சு. அக்கா பையன்கிட்ட சொன்னேன், "சாப்பாட்டுத் தட்டா மாமா?"ன்னான். கடம்னா மட்டும் என்னவாம், தண்ணி பிடிக்கற பானைதானே அதுவும்.

இசைத்தட்டாளர் வேணாம்னு சொல்றதுக்கு இன்னொரு காரணமும் இருக்கு. ஷோ முடிஞ்சு கூட்டம் கலையறப்ப மேடைக்குக் கிட்ட போய்ப் பாத்தேன், அந்த ஆளு ரெக்கார்ட உறைல போட்டுக்கிட்டு இருந்தாரு, ரெண்டுமே ஒரே மாதிரி, மேல பாட்டுப் பேரே இல்ல. பையன் விளக்கினான், இப்ப நிறைய பேரு டைம்கோட் ரெக்கார்டுதான் வெச்சுக்கறாங்களாம். அதுல பாட்டே கிடையாது, ஒரு சிக்னல் மட்டும் ஓடும், தட்டு எந்தப் பக்கம் எவ்வளவு வேகத்துல நகருதுன்னு அத வெச்சு சாஃப்ட்வேர் கண்டுபிடிச்சு கம்ப்யூட்டர்ல இருக்கிற பாட்ட அதுக்கேத்த மாதிரி ஓட்டும். இசைத்தட்டுல இசையே இல்ல. தட்டு இருக்கு, அது மேல கை இருக்கு.