பெட்டி இருக்கிறது, உள்ளே சோர்ஸ் இருக்கிறதா?

ஒரு தொழிற்சாலையில் கதிர்வீச்சுப் பாதுகாப்புத் தணிக்கைக்குப் போயிருந்தேன். பதிவேட்டில் ஐந்து சீசியம்-137 சோர்ஸ்கள், அதாவது கதிரியக்கப் பொருளை அடைத்த சிறு குப்பிகள். நான்கு, தொட்டிகளின் மட்டம் பார்க்கும் கருவிகளில் இருந்தன. ஐந்தாவதற்கு நேராக 'பயன்பாட்டில் இல்லை, சோர்ஸ் அறை' என்று எழுதி, ஆறு மாதத்துக்கு ஒருமுறை 'சரிபார்க்கப்பட்டது' என்று கையெழுத்தும் போட்டிருந்தார்கள்.

அறையைத் திறந்தார்கள். கதிர்வீச்சு எச்சரிக்கைச் சின்னம் ஒட்டிய பெட்டி பூட்டோடு இருந்தது. கதிர்வீச்சை அளக்கும் சர்வே மீட்டரைப் பெட்டியை ஒட்டி வைத்தேன். வெளியே வராந்தாவில் காட்டிய அதே அளவுதான் காட்டியது.

"பாருங்க சார், லீக்கே இல்லை" என்றார் கூட வந்த பொறியாளர். எனக்கு வயிற்றைக் கலக்கியது. ஈயக் கவசத்துக்குள் இருந்தாலும் இந்த மாதிரி சோர்ஸ் மீட்டரைக் கொஞ்சமாவது ஏற்றிக் காட்ட வேண்டும். ஒன்றுமே காட்டவில்லை என்றால் உள்ளே ஒன்றும் இல்லை. பெட்டியைத் திருப்பிப் பார்த்தோம். சீரியல் எண் தகடு இல்லை. சோர்ஸ் வந்து இறங்கிய காலிப் பெட்டி அது. மூன்று மணி நேரம் தேடி, பராமரிப்புக் கொட்டகையில் பழைய குழாய்களுக்கு அடியில் ஐந்தாவது சோர்ஸ் இருந்த கருவியைக் கண்டுபிடித்தோம். உற்பத்தி வரிசையை மாற்றியபோது கழற்றிய ஒப்பந்தக்காரர்கள் அங்கே போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். நல்லவேளை, கதிர் வெளியே வரும் வழியை அடைக்கும் ஷட்டர் மூடியிருந்தது. அந்தக் குழாய்கள் பழைய இரும்புக்குப் போக வேண்டியவை.

அதனால்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்: இருப்புச் சரிபார்ப்பு என்றால் மீட்டரோடு போய் ஒவ்வொரு சோர்ஸையும் பார்ப்பது. சீரியல் எண்ணை ஒப்பிட வேண்டும், மீட்டர் காட்டிய அளவைத் தேதியோடு எழுத வேண்டும். போன முறையைவிட அளவு திடீரென்று குறைந்திருந்தால், கூடியதற்குப் பதறுகிற அளவுக்கே பதற வேண்டும்.

உரிமம் விஷயத்திலும் ஒரு தவறான எண்ணம் உண்டு. வாங்கும்போது எடுத்தாயிற்று, அப்புறம் என்ன என்கிறார்கள். எந்த ஐசோடோப்பு, எவ்வளவு கதிரியக்கம், எந்த இடம், என்ன வேலை, யார் பொறுப்பு என்பதற்கெல்லாம் சேர்த்துத்தான் உரிமம். இடம் மாறினால் முதலில் ஒழுங்குமுறை ஆணையத்திடம் சொல்ல வேண்டும். 1985இல் பிரேசிலின் கோயானியாவில் ஒரு சிகிச்சை நிலையம் இடம் மாறியபோது, பழைய கட்டடத்தில் சீசியம் கருவியை ஆணையத்துக்குத் தெரிவிக்காமலே விட்டுவிட்டுப் போனது. 1987இல் சிலர் பழைய இரும்பு என்று நினைத்து அதை எடுத்துப் பிரித்தார்கள். நான்கு பேர் இறந்தார்கள், ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைப் பரிசோதிக்க வேண்டியிருந்தது. டெல்லி மாயாபுரியில் 2010இல் ஒருவர் உயிரைப் பறித்த கோபால்ட்-60 கருவியும் 1985இலிருந்து சும்மா கிடந்து, ஏலத்தில் பழைய இரும்பாகப் போனதுதான்.

"ரொம்பப் பழசு சார், வீரியம் போயிருக்கும்" என்பார்கள். இரிடியம்-192 என்றால் 74 நாளில் பாதியாகும். சீசியம்-137 பாதியாக 30 வருடம் வேண்டும். அமெரிசியம்-241க்கு 400 வருடத்துக்கும் மேல்.

அனுப்பும்போதும் பெறும்போதும் மீட்டர் வைத்துப் பாருங்கள். மேற்கு ஆஸ்திரேலியாவில் 2023 ஜனவரி 12 அன்று சுரங்கத்திலிருந்து கிளம்பிய ஒரு கருவியை 25ஆம் தேதி திறந்தபோதுதான் உள்ளே குப்பியைக் காணோம் என்று தெரிந்தது. 8 மில்லிமீட்டர் உயரக் குப்பியை 1,400 கிலோமீட்டர் சாலையில் தேடி, பிப்ரவரி 1 அன்று எடுத்தார்கள். உங்களிடம் ஒன்று காணாமல் போனால், தேடிப் பார்த்துவிட்டுச் சொல்லலாம் என்று இருக்காதீர்கள். தேடத் தொடங்கும்போதே ஆணையத்துக்குச் சொல்லுங்கள்.

அந்த ஐந்தாவது சோர்ஸைத் தயாரித்த நிறுவனத்துக்கே திருப்பி அனுப்ப ஏற்பாடு செய்தோம். வாங்கியபோதே திருப்பி எடுத்துக்கொள்ள எழுத்தில் ஒப்பந்தம் போட்டிருந்தார்கள், அது கைகொடுத்தது. அங்கிருந்து பெற்றுக்கொண்டதற்கான சான்று வந்து, அதன் நகல் ஆணையத்துக்குப் போன பிறகுதான் பதிவேட்டில் அந்த வரியை முடிக்கச் சொன்னேன்.